எல்ம்: ஊராட்சி கலைந்தால் ஊருக்கு என்ன ஆகும்?

சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பக்கம் கிளாருஸ் என்று ஒரு சின்ன மாநிலம் இருக்கிறது. மொத்த மக்கள்தொகையே நாற்பதாயிரம் சொச்சம்தான். லின்ட் ஆற்றை ஒட்டித் தெற்கே ஏறிப்போனால் ஷ்வாண்டன் என்ற ஊரில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் திரும்பி, செர்ன்ஃப் என்ற சிற்றாற்றின் கரையோடு போனால் எங்கி, மாட் என்ற ஊர்களைத் தாண்டிக் கடைசியாக வருவது எல்ம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அதற்கப்பால் ஊர் கிடையாது. மலை சுவர் போல எழுந்து நிற்கும்.

எல்ம் பற்றி எதைப் படித்தாலும் முதல் வரியிலேயே ‘முன்னாள் ஊராட்சி’ என்று எழுதியிருப்பார்கள். புதிதாகப் படிப்பவர்கள் ஊரே காலியாகிவிட்டது போல என்று எண்ணிக்கொள்வது உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. மக்கள் இருக்கிறார்கள், தேவாலயம் இருக்கிறது, மாடுகள் கோடையில் மலை ஏறுகின்றன, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு ஆட்கள் வருகிறார்கள். 2011 ஜனவரி 1 அன்று முடிந்துபோனது ‘எல்ம் ஊராட்சி’ என்ற சட்ட அமைப்பு மட்டும்தான். அந்த ‘மட்டும்’ எவ்வளவு பெரியது என்பது சுவிஸ் ஊராட்சி என்றால் என்னவென்று தெரிந்தால்தான் பிடிபடும்.

சுவிட்சர்லாந்தில் அதிகாரம் மூன்று அடுக்கு. மேலே கூட்டாட்சி, நடுவில் 26 மாநிலங்கள், அடியில் ஊராட்சிகள். அடியில் என்று சொன்னாலும் மேலிருந்து வரும் உத்தரவை நிறைவேற்றுவதற்காக வைக்கப்பட்ட கிளை அலுவலகம் அல்ல அது. தன் வரி விகிதத்தைத் தானே தீர்மானிக்கும். பள்ளி, தண்ணீர், உள்ளூர்ச் சாலை, பனி அள்ளுவது, காடு, மேய்ச்சல் நிலம், எங்கே வீடு கட்டலாம் எங்கே கட்டக்கூடாது என்ற திட்டம் எல்லாம் அதன் கையில் இருக்கும். சிறிய ஊராட்சிகளில் இதையெல்லாம் முடிவு செய்வது ஊர்க்கூட்டம். வாக்குரிமை உள்ள எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடி, வரவுசெலவைப் பார்த்து, கை தூக்கி முடிவெடுப்பார்கள். புதுத் தண்ணீர்க் குழாய்க்கு இவ்வளவு செலவு என்றால், அதைக் கொடுக்கப்போகிறவர்களே உட்கார்ந்து சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது, பூர்வீக ஊர்தான் இருக்கும். கொள்ளுத்தாத்தா எல்மின் குடிமகன் என்றால், ஜூரிச்சில் பிறந்து ஒருநாள்கூட எல்மைப் பார்க்காத பேத்தியின் ஆவணத்திலும் எல்ம் என்றே எழுதியிருக்கும். ஒருவர் சுவிஸ் குடிமகனாக இருப்பதே ஏதோ ஓர் ஊராட்சியின் குடிமகனாக இருப்பதன் வழியாகத்தான். அங்கே குடியேறிய ஈழத்தமிழர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குடியுரிமை கேட்பவரை ஊராட்சி, மாநிலம், கூட்டாட்சி மூன்றும் ஏற்க வேண்டும். ‘இவர் எங்கள் ஊரில் எப்படி வாழ்கிறார்’ என்று பார்ப்பது ஊராட்சிதான்.

சரி, இப்படிப்பட்ட அமைப்பு ஒரு மலைக்கிராமத்தில் என்னவெல்லாம் செய்யும், எங்கே தவறும் என்பதற்கு எல்மின் வரலாற்றிலேயே கொடுமையான சான்று ஒன்று இருக்கிறது.

செர்ன்ஃப் பள்ளத்தாக்கு சிலேட்டுக் கல்லுக்குப் பேர்போனது. கருஞ்சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாகப் பிளக்கும் கல். கூரைக்கும், மேசைப் பலகைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளின் எழுது பலகைக்கும் அது போனது. 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கு நாடு பள்ளிக்கூடங்கள் பெருகியபோது பலகைக்கான தேவையும் ஏறியது. எல்மில் 1868 வாக்கில் ஊருக்கு மேலே இருந்த மலைச்சரிவில் குவாரி தொடங்கினார்கள். முதலில் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், பிறகு ஊராட்சியே எடுத்து நடத்தியது. வருமானம் ஊருக்கு, வேலை ஊராருக்கு. விவசாயம் குறைந்த குளிர்ப்பிரதேசத்தில் அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மலையின் அடிவயிற்றை அறுத்துக்கொண்டே போனார்கள். ஏறத்தாழ 180 மீட்டர் அகலத்துக்கு, 60 மீட்டருக்கும் மேல் உள்ளே குடைந்துவிட்டார்கள். மேலே காட்டில் விரிசல் விழுந்தது. மழைக்காலத்தில் அந்த விரிசல்களுக்குள் தண்ணீர் இறங்கியது. கற்கள் உருளத் தொடங்கின. அதிகாரிகள் வந்து பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள், ஆனால் ஊரைக் காலி செய்யும் அளவுக்கு உடனடி ஆபத்து இல்லை என்று கருதினார்கள். மறுநாள், 1881 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி நெருங்கும் நேரம். வேலை இல்லாத நாள், மலை உதிர்வதை வேடிக்கை பார்க்க ஆட்கள் வெளியே நின்றிருந்தார்கள். முதல் சரிவு விழுந்தது. சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது. தப்பியவர்கள் எதிர்ப்பக்கச் சரிவில் ஏறி ஓடினார்கள், மேடான இடம் பாதுகாப்பு என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும். மூன்றாவதாக வந்ததுதான் மலையின் பெரும்பகுதி. ஏறத்தாழ ஒரு கோடி கனமீட்டர் பாறை பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சரிவிலும் ஏறி, பிறகு திரும்பிப் பள்ளத்தாக்கின் தரையோடு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 115 பேர் இறந்தார்கள், 83 கட்டடங்கள் போயின. ஆயிரம் பேர் சுமாருக்கு இருந்த ஊர் அது. பத்தில் ஒருவர் ஒரே மாலையில் இல்லாமல் போனார்.

புவியியலாளர் ஆல்பர்ட் ஹைம் அந்த இடத்தை ஆராய்ந்து எழுதியது, பாறைச்சரிவைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் தொடங்கும் இடங்களில் ஒன்று. அவ்வளவு பாறை சமதரையில் திரவம் போல ஓடியது எப்படி என்ற கேள்வி அங்கிருந்துதான் பெரிதாக எழுந்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. குவாரியை வைத்ததும் ஊர், அதில் பிழைத்ததும் ஊர், அதன் விலையைக் கொடுத்ததும் ஊர். சொந்த ஆட்சி என்றால் ஊருக்குக் கிடைக்கும் சுதந்திரமும் பொறுப்பும் சேர்ந்தே வரும். மலையைப் பற்றிய முடிவை அந்த மலைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்களே எடுப்பது அழகான விஷயம்தான். ஆனால் ஒரு சின்ன ஊரிடம் அதற்கான அறிவும் ஆளும் பணமும் எப்போதும் இருக்குமா? 125 ஆண்டுகள் கழித்து, வேறொரு வடிவில், அதே கேள்வி கிளாருஸ் மாநிலம் முழுவதற்கும் வந்தது.

எல்ம் அந்த அடிக்குப் பிறகும் எழுந்து நின்றது. ஷ்வாண்டனிலிருந்து எல்ம் வரை 1905இல் சிறு ரயில் வந்தது, 1969 வரை ஓடியது, இப்போது பேருந்து. சிலேட்டுப் பலகைத் தொழிற்சாலை 1983 வரை இயங்கி, பிறகு அருங்காட்சியகமாகிவிட்டது. ஊரின் ஊற்றுநீரிலிருந்து எலுமிச்சைச் சுவை சேர்த்துச் செய்யும் எல்மர் சிட்ரோ என்ற பானம் 1927 முதல் நாடெங்கும் போகிறது. பழைய மரவீடுகளைக் கெடுக்காமல் புதியதைக் கட்டியதற்காக 1981இல், சரிவின் நூறாவது ஆண்டில், வாக்கர் பரிசு கிடைத்தது. கட்டடப் பாரம்பரியத்தைக் காப்பதற்காக அந்த நாட்டில் ஊராட்சிகளுக்குத் தரப்படும் மதிப்புமிக்க பரிசு அது. ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை ஃப்ரேனி ஷ்னைடர் இந்த ஊர்க்காரர்.

ஊருக்கு மேலே நிற்கும் ச்சிங்கெல்ஹோர்ன் சிகரங்களில் ஒரு துளை இருக்கிறது. மார்ட்டின்ஸ்லோக் என்று பெயர், விட்டம் 20 மீட்டர் சுமாருக்கு இருக்கும். மார்ச் 12, 13 வாக்கிலும் செப்டம்பர் கடைசியிலும் காலையில் சூரியன் சரியாக அந்தத் துளைக்குப் பின்னால் வரும். மலை முழுக்க நிழலில் கிடக்கும்போது ஒரே ஒரு ஒளிக்கற்றை ஐந்து கிலோமீட்டர் அளவு கடந்து வந்து எல்ம் தேவாலயக் கோபுரத்தின் மேல் விழும். சில நிமிடங்கள்தான். அதே மலைமுகத்தில் கத்தியால் கீறியது போல ஒரு கோடும் தெரியும். கோட்டுக்கு மேலே இருக்கும் பாறைக்கு வயது 25 முதல் 30 கோடி ஆண்டு. கீழே இருப்பது 5 கோடி ஆண்டுக்கும் இளையது. பழையது புதியதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது! ஆல்ப்ஸ் மலை உருவானபோது நிலத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தள்ளப்பட்டதன் தடயம் அது. 2008இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்படி எல்லாம் இருந்தும் ஊராட்சி ஏன் கலைந்தது?

எல்மின் தனிப்பட்ட தோல்வி என்று அதைப் பார்க்கக் கூடாது. மாநிலம் முழுவதும் நிலைமை ஒன்றுதான். 2006இல் கிளாருஸில் 25 ஊராட்சிகள் இருந்தன. அது போதாதென்று பள்ளிக்குத் தனி அமைப்பு, ஏழைகள் நலனுக்குத் தனி அமைப்பு, ஊர்க்குடிகளின் பொதுச்சொத்துக்கு டாக்வென் என்று தனி அமைப்பு. எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரம் பேருக்கு ஏறத்தாழ எழுபது நிர்வாக அமைப்புகள். இவற்றில் பொறுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் முழுநேர அரசியல்வாதிகள் அல்லர். தச்சர், விவசாயி, ஆசிரியர் போன்றவர்கள் மாலை நேரத்தில், சொற்பத் தொகைக்குச் செய்த வேலை. இளைஞர்கள் படிக்கவும் பிழைக்கவும் கீழே இறங்கிப் போகப் போக, பதவிக்கு நிற்க ஆள் கிடைப்பதே கஷ்டமானது. கட்டட விதி, கழிவுநீர், கணக்குத் தணிக்கை என்று சட்டங்களோ ஆண்டுக்கு ஆண்டு சிக்கலாகிக்கொண்டே போயின. அருகருகே இருந்த ஊர்களுக்குள் வரியிலும் வசதியிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. மலைக்கிராமத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. மக்கள் சில நூறு பேர் என்றாலும் சாலையின் நீளம் குறையாது, பனிச்சரிவுத் தடுப்பின் செலவு குறையாது, ஓடைகளுக்குக் கட்டும் அணைக்கரையின் செலவும் குறையாது. எல்மின் பரப்பளவு ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர். அதைக் காக்க வேண்டியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவானவர்கள்.

25ஐப் பத்தாகக் குறைக்கலாம் என்று மாநில அரசு திட்டம் போட்டது. அதை முடிவு செய்ய வேண்டிய இடம் லாண்ட்ஸ்கெமைண்ட். மாநிலத்தின் வாக்காளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதம் ஞாயிற்றுக்கிழமை, கிளாருஸ் நகரத்துத் திறந்தவெளியில் கூடும் பொதுமன்றம். வட்டமாகப் பலகை மேடை போட்டிருப்பார்கள். நடுவில், பேசுகிறவரின் காலடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ப் பேசலாம், முன்வைத்த தீர்மானத்தையே மாற்றச் சொல்லலாம். அப்புறம் எல்லோரும் வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். எண்ணுவது கிடையாது. எந்தப் பக்கம் அதிகம் என்று தலைவர் கண்ணால் பார்த்து அறிவிப்பார். இந்த முறை இன்று சுவிட்சர்லாந்திலேயே இரண்டு மாநிலங்களில்தான் மிச்சம் இருக்கிறது, மற்றது அப்பென்செல் இன்னர்ரோடன்.

2006 மே 7 அன்று அந்த வட்டத்தில் ஒரு குடிமகன் எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். வடக்கு, நடு, தெற்கு. அரசின் திட்டத்தில் இல்லாத யோசனை. அட்டைகள் எழுந்தன, மூன்று வென்றது. அரசே எதிர்பார்க்கவில்லை, நாடே திரும்பிப் பார்த்தது. பதற்றத்தில் எடுத்த முடிவு என்று எதிர்த்தவர்கள் கையெழுத்து சேர்த்து, சிறப்புக் கூட்டம் கூட்ட வைத்தார்கள். 2007 நவம்பர் 25 அன்று மக்கள் மீண்டும் கூடினார்கள். இம்முறை யோசிக்க ஒன்றரை ஆண்டு கிடைத்திருந்தது. இம்முறையும் மூன்றுதான், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாத பெரும்பான்மையில்.

இந்த இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஊராட்சி இணைப்பு என்றாலே தலைநகரில் யாரோ வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பது என்றுதான் பல நாடுகளில் அனுபவம். ஜப்பானில் 1999இல் மூவாயிரத்து இருநூறுக்கு மேல் இருந்த உள்ளாட்சிகள் 2010க்குள் ஆயிரத்து எழுநூறு சொச்சமாகக் குறைந்தன. முடிவு உள்ளூரில் எடுத்ததுதான் என்றாலும், மத்திய அரசின் நிதி நெருக்கடி முதுகைத் தள்ளியது. கிளாருஸில் மக்கள் தாங்களே, தங்கள் சொந்த ஊராட்சியை, இரண்டு முறை கை தூக்கிக் கலைத்தார்கள். ஆனால் கவனியுங்கள், வாக்களித்தது மாநிலம் முழுவதும். எல்ம் மட்டும் தனியாகக் கூடி வேண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் சிற்றூரின் விதியைக் கீழே இருக்கும் பெரிய ஊர்களின் கைகளும் சேர்ந்து தீர்மானித்தன. ஜனநாயகத்துக்கு அதைவிட நல்ல வடிவம் கிடைப்பது அரிது. அதற்குள்ளும் சின்ன ஊரின் குரல் கரைந்துதான் போகும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2011இல் எல்மும் வேறு பன்னிரண்டு ஊராட்சிகளும் ஒன்றாகி ‘கிளாருஸ் தெற்கு’ ஆயின. பரப்பளவு 430 சதுர கிலோமீட்டர். அருகில் இருக்கும் சூக் என்ற முழு மாநிலத்தைவிடப் பெரிய ஓர் ஊராட்சி! அன்று நாட்டிலேயே பரப்பளவில் அதுதான் முதலிடம், 2015இல் ஷ்குவோல் என்ற இன்னொரு மலை ஊராட்சி இணைப்பால் பெருத்து அதை முந்தும்வரை. இவ்வளவு பெரிய இடத்தில் குடியிருப்பவர்கள் பத்தாயிரம் பேர் அளவுதான்.

எது மாறியது என்று பார்த்தால், பணப்பை மாறியது. எல்மின் சொத்தும் கடனும், காடும் மேய்ச்சல் நிலமும் புதிய ஊராட்சியின் பொதுக் கணக்குக்குப் போயின. வரி விகிதம் பதின்மூன்று ஊருக்கும் ஒன்றானது. பள்ளி நிர்வாகமும் டாக்வெனும் அதற்குள் அடங்கின. எல்முக்கென்று தனி மன்றம் இல்லை, தனி ஊர்க்கூட்டம் இல்லை. எல்ம்காரர் தன் கருத்தைச் சொல்ல இப்போது பள்ளத்தாக்கில் இறங்கிப் போய், தான் அறியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவே எழுந்து நிற்க வேண்டும். பூர்வீக ஊர் என்ற இடத்திலும் பழைய பெயருக்குப் பதில் புதுப் பெயர் வருவதுதான் இணைப்புகளில் வழக்கம். பலருக்கு மனம் வலிப்பது வரிக்கணக்கில் அல்ல, இதில்தான்.

எது மாறவில்லை என்றால், அன்றாடம் கண்ணில் படுவதில் பெரும்பகுதி. அஞ்சல் குறியீடு அதே 8767 எல்ம். பெயர்ப்பலகை அதே. திருச்சபை அமைப்பு இந்த இணைப்புக்குள் வரவே இல்லை. ஊரின் சங்கங்களும் இசைக்குழுக்களும் சட்டத்தைக் கேட்டுப் பிறந்தவை அல்ல, அதனால் சட்டம் அவற்றைக் கலைக்கவும் இல்லை.

நல்லதா கெட்டதா என்று கேட்டால், தவிர்க்க முடியாதது என்றுதான் சொல்வேன். 2023 ஆகஸ்ட் 29 அன்று இதே கிளாருஸ் தெற்கில், ஷ்வாண்டனில், மலைச்சரிவு ஒன்று இறங்கி வீடுகளை அழித்தது. நிறையப் பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதன்பிறகு அளவிடும் கருவிகள், நிபுணர்கள், தடுப்பு வேலை, இழப்பீடு என்று வந்த சுமையைச் சில நூறு பேர் கொண்ட ஊராட்சி தனியே தாங்கியிருக்க முடியாது. குளிர்மலைப் பகுதியில் நிலம் அடிக்கடி கேள்வி கேட்கும், பதில் சொல்லப் பெரிய தோள் வேண்டும். ஆனாலும் இழப்பை இழப்பு என்றே எழுத வேண்டும். எந்த ஓடை எந்த மாதத்தில் பொங்கும், எந்தச் சரிவில் பனி முதலில் கழலும் என்று தெரிந்தவர்களிடம் முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது, இப்போது அவர்களிடம் அந்த அறிவு மட்டும் இருக்கிறது. பெரிய ஊராட்சிகள் அந்த அறிவைத் தேடிப்போய்க் கேட்கிறார்களா என்பதில்தான் இணைப்பின் வெற்றி இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக, இந்த மாதிரி ஊர்களைப் பற்றிப் படிக்கும்போது உதவக்கூடிய ஒன்று. நூறாண்டுக்கு முன் சுவிட்சர்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன, இன்று 2,100 சுமாருக்கு இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 1ஐ ஒட்டிச் சில பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்குகின்றன. எனவே எல்மின் மக்கள்தொகை, பரப்பளவு, தேர்தல் முடிவு என்று ஏதாவது எண் கண்ணில் பட்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 2010 வரை என்றால் அது எல்ம் ஊராட்சியின் எண். அதற்குப் பிறகு என்றால், கணக்கெடுப்பில் ஊராட்சி என்ற அளவில் கிடைப்பது கிளாருஸ் தெற்கின் எண்தான், அதில் பதின்மூன்று ஊர்கள் கலந்திருக்கும். பழைய எல்லையை அறிய வேண்டுமென்றால் 2011க்கு முந்தைய வரைபடத்தைத்தான் எடுக்க வேண்டும்.